பஸ் கூரையும் பாலைக் கொப்பும்

ஒட்டுசுட்டான்
2026 மாசி

அன்பு மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை ஆகிறது. காலபோக நெல் வெட்டு நடந்ததால் இருந்து எழுத நேரம் வரவில்லை. நெல் பாதிக்கு மேல் தண்ணீரோடு போய்விட்டது, மிச்சத்தை வெட்டி ஏற்றிவிட்டோம். அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். இன்றைக்கு நீ கேட்ட பஸ் விசயம், நாங்கள் படுக்கவும் சமைக்கவும் மாற்றிய அந்தப் பழைய லைன் பஸ்ஸின் கூரை.

டித்வா புயலுக்குப் பிறகு நீ போன் எடுத்தபோது, "பஸ்ஸுக்கு ஒன்றுமில்லை, கூரையில் சின்ன அடி" என்று சொன்னேன். அப்போது நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். மலையகத்தில் மண்சரிவில் அத்தனை உயிர் போயிருந்த கிழமை அது. அந்த நேரம் தகரம் நெளிந்த கதையைச் சொல்ல வாயும் வரவில்லை.

நவம்பர் 28 இரவு காற்றில், பஸ் நின்ற பாலை மரத்தின் பெரிய கொப்பு ஒன்று முறிந்து கூரையின் பின்பக்கம் விழுந்தது. பாலை என்ன பாரம் என்று உனக்குத் தெரியும், தண்ணீரில் போட்டால் கல் மாதிரித் தாழும். 2020இல் புரெவிப் புயல் இந்தப் பக்கத்துக் கரையால்தான் ஏறியது. அன்றைக்கும் பஸ் அதே மரத்தடியில்தான் நின்றது, ஓர் இலைகூட உள்ளே விழவில்லை. அந்த நம்பிக்கையில் இந்த முறையும் அங்கேயே விட்டேன். 64ஆம் ஆண்டுப் புயல் வவுனியாவைக் கடந்து போன இரவைப் பற்றி அப்பா சொல்லும்போதெல்லாம், "காற்றுக்கு முன்னம் மரத்தைப் பார்" என்பார். பார்க்கவில்லை.

விடிய ஏறிப் பார்த்தேன். ஒரு முழ நீளத்தில் கிழிசல், சுற்றிவர நெளிவு, சோலர் தகட்டின் ஒரு கால் பிடுங்குப்பட்டிருந்தது. தறப்பாளை இழுத்துக் கட்டிவிட்டு வயலைப் பார்க்கப் போய்விட்டேன். ஊர்க் குளமெல்லாம் நிரம்பி வான் பாய்ந்துகொண்டிருந்த நேரம், பஸ்ஸை யார் நினைப்பார்கள்.

தை பிறந்து வெயில் வந்த பிறகும் சாரதி இருக்கைக்கு மேலே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். கிழிசலோ பின்பக்கம். அதுதான் எனக்கு விளங்கவில்லை. பிறகு பார்த்தால் பஸ் கொஞ்சம் முன்பக்கம் சரிந்து நிற்கிறது. உள்ளே போன தண்ணீர் கூரைத் தகட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவே ஓடி எங்கே துவாரம் கிடைத்ததோ அங்கே இறங்கியிருக்கிறது. சீலிங் பலகையை ஸ்குறூ டிரைவரால் குத்திப் பார்த்தேன். பின்பக்கம் மூன்று இடத்தில் பாணுக்குள் போவது போல இறங்கியது. கழற்றினால் ரிஜிபோம் துண்டுகள் தண்ணீரில் மிதக்கின்றன.

அதோடு நின்றிருந்தால் புயலைக் குறை சொல்லிவிட்டு இருந்திருப்பேன். தறப்பாளை எடுத்துவிட்டு ஓஸ் பைப்பால் கீழிருந்து மேலே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் அடித்துப் பார்த்தேன். மனுசி உள்ளே ரோச் லைட்டோடு நின்று எங்கே ஒழுகுகிறது என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். கிழிசலுக்குப் பக்கத்திலேயே போகாத முன்பாதியில், பழைய கரியர் பூட்டியிருந்த ஓட்டைகளால் தண்ணீர் இறங்குகிறது. லைனில் ஓடிய காலத்தில் மூட்டையும் சைக்கிளும் ஏற்றிய கரியர். 2019இல் சீற்றுகளைக் கழற்றி கட்டிலும் அடுப்பும் வைத்தபோது அதையும் கழற்றி, ஓட்டைகளுக்குச் சிலிக்கன் அடைத்தது நான்தான். வெயிலில் அது ஓரம் விட்டுக் கிளம்பியிருக்கிறது. ஆறு மாரி மழை அதற்குள்ளால் போயிருக்கிறது, மச்சான். கூரையைத் தாங்கும் வளைவு இரும்புச் சட்டங்களில் (பொக்ஸ் பார்) பின்பக்கம் இரண்டு, கொப்பு விழுந்து வளைந்தவை. முன்னால் ஒன்று துருவால் தானே உளுத்தது.

மூன்று பேரிடம் கேட்டேன். வவுனியாவில் பஸ்ஸுக்குக் கூடு அடிப்பவர் கூரை முழுவதையும் கழற்றிப் புதிதாக அடிக்கச் சொன்னார். நாலரை லட்சம், பெயின்ற் வேறு. முல்லைத்தீவில் பைபர் படகு செய்பவர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, மேலே நார்ப் பாய் விரித்து ரெசின் பூசலாம், மலிவாக முடியும் என்றார். எனக்கு அது பிடித்துப் போனது. கடலையே தாங்குகிற பொருள் மழையைத் தாங்காதா? அந்த மனிதன் நேர்மையானவர். "படகு முழுக்க பைபர், எல்லாம் சேர்ந்து அசையும். அலுமினியத்தில் இந்த ரெசின் பிடிக்கும், ஆனால் நெடுநாள் பிடிக்குமென்று சத்தியம் செய்யமாட்டேன்" என்று அவரே சொன்னார். கணக்குப் பார்த்தேன். 8 அடி அலுமினியத் தகடு 40 பாகை சூடேறினால் 2 மில்லிமீற்றருக்கு மேல் நீளும். கீழே இருக்கும் இரும்புச் சட்டம் அதில் பாதிதான் நீளும். இந்த வெயிலில் கூரை பகலில் கொதித்து இரவில் குளிர்கிறது. ஒவ்வொரு நாளும் இழுபடுகிற பொருத்தில் இறுகிப்போன ரெசின் வெடிக்காமல் என்ன செய்யும்? அங்கே இழுபடக்கூடிய பசைதான் வேண்டும்.

கூரைமேல் ஒட்டலாம் என்று நீ எழுதிய இறப்பர் விரிப்பைப் பற்றியும் நன்றாக யோசித்தேன். உன் வண்டியின் கூரை தட்டையான பலகை, அதன்மேல் ஒரே விரிப்பாக ஒட்டியிருக்கிறார்கள், பனியும் உருகி வழிகிறது. என் பஸ் கூரை இரண்டு பக்கமும் வளைவு, நடுவில் றிவெற் வரிசை. அதைவிட முக்கியம், எதை ஒட்டினாலும் கீழே காய்ந்து உறுதியாக இருக்க வேண்டும். ஈரத்தின்மேல் ஒட்டினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியது போலத்தான்.

உண்மையைச் சொல்கிறேன், தறப்பாளை இன்னும் நன்றாகக் கட்டி இந்த வருடத்தைத் தள்ளிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். நெல்லும் அழிந்த வருடம், கையில் காசு இல்லை. ஒரு பின்னேரம் மனுசியிடம் சொன்னேன். அவள் பஸ்ஸுக்குள் படுத்தபடி மேலே பார்த்தாள். காற்றுக்கு நீலத் தறப்பாள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"மெனிக் பாமில் கேட்ட சத்தம். இதுக்குக் கீழே நான் இனிப் படுக்கமாட்டேன்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். உனக்குத் தெரியும், 2009இல் அந்த அகதி முகாமில் இருந்தோம், ஊருக்கு விட்ட பிறகும் தகரம் கிடைக்கும் வரை தறப்பாள்தான். பிள்ளைகள் இரண்டும் அந்தச் சத்தத்தில்தான் படித்தார்கள். அவள் மறந்துவிட்டதாக, ஆண்கள் நினைப்பது போல நானும் நினைத்திருந்தேன். அவள் ஒரு நாளும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. அன்றிரவு வீட்டுக்குள் போய்ப் படுத்தோம். அடுத்த நாள் தறப்பாளை அவிழ்த்துச் சுருட்டி வைக்கோல் போருக்கு மேலே போட்டுவிட்டேன்.

சரி, முடிவு இதுதான். பின்பாதித் தகடுகளை முழுவதும் எடுப்பது, வளைந்த இரண்டையும் உளுத்த ஒன்றையும் வெட்டிப் புது பொக்ஸ் பார் ஒட்டுவது. இரும்பும் அலுமினியமும் நேரே தொட்டால் உப்புக் காற்றில் ஒன்றை ஒன்று அரிக்கும், அதனால் நடுவில் பிறைமர் பூசி இறப்பர் நாடா வைக்கிறோம். தகட்டின்மேல் தகடு வரும் இடத்தில் முன்தகடு பின்தகட்டின்மேல் ஏற வேண்டும், ஓட்டத்தில் மழை உள்ளே ஏறாது. முன்பாதித் தகடுகளை விட்டுவைக்கிறேன். பழைய சிலிக்கனை மட்டும் பிளேடால் சுரண்டி எடுக்க வேண்டும், அதன்மேல் வேறெந்தப் பசையும் பிடிக்காது என்பதை இப்போது கையால் படித்துவிட்டேன். சுரண்டியதும் அந்த ஓட்டைகளுக்கு அடிமூடிய றிவெற்றும் பொலியூரிதேன் பசையும். சோலர் தகட்டை இனிக் கூரைத் தகட்டில் துளைத்துப் பூட்டுவதில்லை, வளைவுச் சட்டத்தில் கால் ஒட்டி நிறுத்துகிறோம். வவுனியாக்காரர் இதற்கு ஒத்துக்கொண்டார், அவர் சொன்னதில் பாதிச் செலவு. தம்பி நெல் வித்த காசில் கொஞ்சம் கடன் தந்தான்.

சித்திரையில் பின்னேர மழை தொடங்க முன்னம் முடிக்க வேண்டும். உள்ளே காய இரண்டு கிழமை வெயில் தேவை, அதனால் இப்போதே சீலிங்கைக் கழற்றி யன்னல் எல்லாம் திறந்து விட்டிருக்கிறேன். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு அங்கே போய் நிற்க வேண்டும் என்று மனுசி சொல்லிவிட்டாள். அங்கே கடல் நீரில் விளக்கு எரிவதைப் பார்க்காமல் விட அவளுக்கு மனம் வராது. மடு மாதா திருவிழா ஆவணியில், அதற்கு நாள் இருக்கிறது.

மரத்தை வெட்டச் சொன்னார்கள். வெட்டவில்லை. பாலைப்பழத்துக்குக் குரங்குக்கு முன்னம் பிள்ளைகள் ஓடிய மரம் அது. பஸ்ஸைத்தான் தள்ளி நிறுத்துகிறேன். விழுந்த கொப்பு நல்ல நேராக இருந்தது, நாலு கால் வெட்டி எடுத்திருக்கிறேன். பஸ்ஸுக்கு ஒரு கொட்டகை போட அது போதும், தகரம் பிறகு பார்ப்போம்.

ஒரு உதவி. பங்குனியில் உன் மச்சினன் வருகிறான் என்று எழுதியிருந்தாய். ஒழுக்கு அடைக்க நீ சொன்ன பியூட்டைல் நாடா, 4 அங்குல அகலம், இரண்டு சுருள் அவனிடம் கொடுத்து விடு. காசை இங்கே அவன் தாயிடம் கொடுத்துவிடுகிறேன், வேண்டாமென்று சொல்லாதே. அதை ஒட்டும்போது கையால் அழுத்தினால் போதுமா, உருளை போட்டு உருட்ட வேண்டுமா என்பதையும் எழுது. திங்கள் தகடு கழற்றத் தொடங்குகிறோம்.

உன் மனுசிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

உன்
மச்சான்