போதுமா மிஸ்

ஈஸ்ட் ஹாம், லண்டன்
18 ஜனவரி 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். பொங்கலன்று நீ வீடியோவில் காட்டிய கோலத்தையும் மஞ்சள் கொத்து கட்டிய பானையையும் உன் பேரன் இன்னும் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நானும் இங்கே ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் நம் ஆள் கடையில் கரும்பு வாங்கிப் பொங்கல் வைத்தேன். பால் பொங்கும்போது புகையை உணரும் கருவி கத்திவிடுமோ என்று அவர் ஜன்னலைத் திறந்துவிட்டு, குளிரில் நடுங்கிக்கொண்டே நின்றார்.

ஒரு விஷயத்தை உன்னிடம் போனில் சொல்ல நாலு தடவை பார்த்தேன், முடியவில்லை. ஆரம்பித்தாலே நீ "அதெல்லாம் இருக்கட்டும், பயலக் காட்டு" என்று கேமராவைத் திருப்பச் சொல்லிவிடுகிறாய். எனக்கும் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லாதே. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீயே மெதுவாகப் படி.

பயல் செப்டம்பரில் பள்ளியில் சேர்ந்தான் அல்லவா, அந்த வகுப்புக்கு இங்கே ரிசப்ஷன் என்று பெயர். நம் ஊர் யூகேஜி மாதிரி. போகும்போது அவனுக்கு இங்கிலீஷில் தெரிந்தது 'டாய்லெட்', 'வாட்டர்' இரண்டே சொல். மத்தியானச் சாப்பாடு பள்ளியிலேயே போட்டுவிடுகிறார்கள். இங்கிலாந்தில் அரசுப் பள்ளியில் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்கு 2014-ல் இருந்து இலவசம். லண்டனில் 2023 செப்டம்பரிலிருந்து தொடக்கப்பள்ளியின் மற்ற வகுப்புகளுக்கும் மேயர் பணம் கொடுக்கிறார். இதைப் பள்ளி அலுவலகத்தில் இருந்த பெண் எனக்குப் பெருமையாகச் சொன்னாள். "எங்கள் ஊரில் 1982-லேயே இது வந்துவிட்டது, என் அம்மா அதில்தான் வேலை பார்த்தார்" என்று சொன்னேன். முன்பின் தெரியாத ஒருத்தரிடம் உன் வேலையை நானாக வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை அம்மா. வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

முதல் இரண்டு வாரம் பயல் அங்கே ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. அவித்த உருளைக்கிழங்கு, பச்சைப் பட்டாணி, வெள்ளிக்கிழமையானால் மீனும் சிப்ஸும், கடைசியில் இனிப்புக்கு மஞ்சளாக கஸ்டர்ட். எல்லாவற்றுக்கும் முள்கரண்டியும் கத்தியும். மூன்றேகாலுக்கு வெளியே வந்ததும் என் பையைத்தான் முதலில் பிடித்து இழுப்பான். வீட்டுக்கு வந்து காலையில் வடித்த சோற்றைத் தயிர் ஊற்றிக் கொடுத்தால் தட்டை வழித்துத் தின்பான். டீச்சரிடம் கேட்டேன். "பழகிக்கொள்வான், கொஞ்சம் நாள் ஆகும்" என்றார். நல்லவர்தான். முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

மூன்றாவது வாரம் ஒருநாள் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். தலையில் முக்காடு போட்ட ஒரு அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வங்காளதேசத்தில் சில்ஹெட் பக்கம் சொந்த ஊராம். "நீதானே அந்தப் பையனின் அம்மா? நான் மத்தியானம் சாப்பாட்டு ஹாலில் வேலை செய்கிறேன். 'சாப்பிடு' என்பதற்கு உங்கள் பாஷையில் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் வங்காள எழுத்தில் எழுதிக்கொண்டார். தண்ணி, போதுமா, இன்னும் கொஞ்சம். நாலையும் அந்த நடைபாதையில் நின்றபடியே இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். அவரைப் பாட்டி, பாட்டி என்று ஒரு சின்னப் பையன் இழுத்துக்கொண்டிருந்தான். அவருடைய பேரன், ஒன்றாம் வகுப்பில் அதே பள்ளியில்தான் படிக்கிறான்.

மறுநாள் பயல் சாப்பிட்டான். கரண்டியை ஓரமாக வைத்துவிட்டுக் கையால் சாப்பிடு என்று அவரே காட்டியிருக்கிறார். "எங்கள் வீட்டிலும் கையால்தான், அதில் ஒன்றும் தப்பில்லை" என்று பக்கத்து மேசைப் பிள்ளைகளுக்கும் சொன்னாராம். சாயங்காலம் வந்ததும் பயல் சொன்னான்: "அம்மா, போதுமா மிஸ் என்கிட்ட தமிழ் பேசுனாங்க." அன்றிலிருந்து வீட்டில் அவருக்கு அதுதான் பெயர். இங்கே பிள்ளைகள் பள்ளியில் வேலை செய்யும் பெண்கள் எல்லாரையுமே மிஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள். தலைமையாசிரியரும் மிஸ், வகுப்பு டீச்சரும் மிஸ், சாப்பாடு பரிமாறுகிறவரும் மிஸ். உன்னை நாங்கள் எல்லாரும் ஆயா என்றோம். பெரிய பையன்கள் 'சோத்து ஆயா' என்றதும் எனக்கு நினைவிருக்கிறது. உனக்கும் நினைவிருக்கும்.

இவர் ஒருவர் மட்டும் இல்லை அம்மா. பள்ளியின் கேர்டேக்கர் ஒருவர் இருக்கிறார், வயதானவர், அதிகம் பேசமாட்டார். போன வாரம் இரவெல்லாம் பூஜ்யத்துக்குக் கீழே போய்த் தரை முழுக்கக் கண்ணாடி மாதிரி உறைந்து கிடந்தது. அவர் இருட்டோடு வந்து, கேட்டிலிருந்து வகுப்பு வாசல்வரை உப்புத் தூவி வைத்துவிடுகிறார், பனி இளகட்டும் என்று. நாங்கள் எட்டே முக்காலுக்குப் போகும்போது பிள்ளைகள் ஓடுவார்கள், ஒருவரும் வழுக்கி விழுவதில்லை. விழாததால் யாருக்கும் அவர் நினைவு வருவதுமில்லை. பயல் தொலைத்த கையுறை ஒன்றைக் கேட்டுக் கம்பியில், எங்கள் கண்ணில் படும்படி மாட்டி வைத்திருந்தவரும் அவர்தான்.

ரோட்டைக் கடத்திவிட மஞ்சள் கோட்டுப் போட்ட ஒரு பாட்டி உண்டு. நீளக் கம்பில் வட்டப் பலகை, பார்க்கக் குச்சி மிட்டாய் மாதிரி இருப்பதால் ஊரே 'லாலிபாப் லேடி' என்கிறது. அந்தப் பலகையை அவர் தூக்கினால் வண்டி நின்றே ஆக வேண்டும், 1953-லேயே அதற்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். ஆனாலும் ஒருநாள் ஒரு கார்க்காரர் கண்ணாடியை இறக்கி அவரைக் கண்டபடி ஏசினார். பாட்டி பலகையைத் தாழ்த்தவே இல்லை. கடைசிப் பிள்ளை நடைபாதையில் கால் வைக்கிறவரை அப்படியே நின்றார். பிறகு பயலிடம் குனிந்து, இன்றைக்கு ஷூ புதுசா என்று கேட்டார். டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. அந்த மங்கலில், மழையில், அவர் ஒருநாளும் தவறிப் பார்த்ததில்லை.

நவம்பரில் பயல் வகுப்பில் கால்சட்டையை நனைத்துக்கொண்டான். வகுப்பு உதவியாளராக இருக்கும் ஒரு பெண் அவனைத் துடைத்து, பள்ளியில் இருக்கும் மாற்று உடுப்பைப் போட்டுவிட்டு, நனைந்ததை அலசிப் பையில் கட்டி, யாருக்கும் தெரியாமல் என் கையில் கொடுத்தாள். உன் சேலை முந்தானையில் எத்தனை பிள்ளைகள் மூக்கைத் துடைத்திருப்பார்கள் என்று அன்றைக்கு எண்ணிப் பார்த்தேன்.

டிசம்பரில் வகுப்புப் பெற்றோர் எல்லாரும் வாட்ஸ்அப்பில் பேசி டீச்சருக்குப் பரிசு வாங்கப் பணம் திரட்டினார்கள். நானும் கொடுத்தேன். போதுமா மிஸ்ஸுக்கும் கேர்டேக்கருக்கும் என்ன வாங்கலாம் என்று கேட்டு எழுதினேன். இரண்டு பேர் இதயம் போட்டார்கள், பேச்சு அப்படியே வேறு பக்கம் போய்விட்டது. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. நீ ஓய்வு பெற்ற அன்று பள்ளியில் ஒரு சால்வை போட்டார்கள் என்று நீ போனில் சொன்னாய். நான் அப்போது சென்னையில்தான் இருந்தேன். ஒருநாள் லீவு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை. பணம் திரட்டின அன்று இரவு அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

ஆகவே நானே முறுக்கு சுற்றினேன். மூன்று டப்பா, மூன்று வாழ்த்து அட்டை. பயல் தன் கையால் பெயர் எழுதினான். கேர்டேக்கர் டப்பாவை வாங்கிக்கொண்டு ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் தலையாட்டிவிட்டு நடந்தார். லாலிபாப் பாட்டி அங்கேயே திறந்து ஒன்றைக் கடித்தார். போதுமா மிஸ் அட்டையை மட்டும் எடுத்துக் கோட்டின் உள்பையில் வைத்துப் பொத்தான் போட்டார்.

இப்போது நான் சொல்ல வந்தது. கிறிஸ்துமஸ் சாப்பாட்டு நாளில் ரிசப்ஷன் பெற்றோரைப் பள்ளிக்கு அழைத்திருந்தார்கள், பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட. ஹாலில் ஒரே இரைச்சல். போதுமா மிஸ் மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தார். ஒரு பிள்ளைக்கு இறைச்சியை நறுக்கினார், ஒன்றின் தண்ணீர்க் குவளையை நிமிர்த்தினார், அழுத பெண்குழந்தையின் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்தார். அவருடைய பேரன் இரண்டு மேசை தள்ளிக் கையை உயர்த்திக்கொண்டே இருந்தான். கத்தியால் அறுக்க வரவில்லை அவனுக்கு. அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, வேறொரு உதவியாளரைக் கண்ணால் அவன் பக்கம் அனுப்பிவிட்டு, இவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். சாப்பாடு முடிந்து நான் அதைக் கேட்டேன். "வீட்டுக்குப் போனால் நான்தானே ஊட்டப்போகிறேன். இங்கே அவனிடம் போனால் மற்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்குமே" என்றார்.

அம்மா, நான் இரண்டாம் வகுப்பிலிருந்து உன் வரிசையில் தட்டோடு நின்றவள். அப்பா போன பிறகு, ஆதரவற்ற பெண்களுக்கு முன்னுரிமை என்று உனக்கு அந்த சமையல் உதவியாளர் வேலை கிடைத்தது. விறகுப் புகையில் உன் கண் எப்போதும் சிவந்திருக்கும். பிள்ளைக்கு 100 கிராம் என்று அரிசி அளந்து, வேலியில் முருங்கைக்கீரை ஒடித்து வந்து சாம்பாரில் போடுவாய். யார் வீட்டில் காலையில் அடுப்பு எரியவில்லை என்பது உனக்கு முகத்தைப் பார்த்தே தெரியும், அந்தத் தட்டில் கரண்டி கொஞ்சம் நின்று இறங்கும். என் முறை வந்தால் மட்டும் கரண்டி விளிம்பைத் தட்டிவிட்டுப் போடுவாய். இப்போது மாதிரி தினமும் முட்டை கிடையாது அப்போது. முட்டை போடும் நாளில் இருப்பதிலேயே சின்னது எனக்குத்தான் வரும். நீ என் முகத்தையும் பார்க்கமாட்டாய். ஊரில் பெற்ற தாயே எனக்குக் குறைத்துப் போட்டாள் என்று அத்தனை வருஷமும் மனசுக்குள் வைத்திருந்தேன். கல்யாணமான புதிதில் அவரிடம்கூட அப்படித்தான் சொன்னேன்.

அந்த ஹாலில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. ராத்திரி நீ உன் தட்டிலிருந்து எடுத்து என் தட்டில் வைப்பாயே, "எனக்குப் பசியில்ல" என்று. அதை நான் எந்தக் கணக்கிலும் சேர்க்கவே இல்லை.

இன்னொரு செய்தி. அந்த வேலைக்கே நானும் மனுப் போட்டேன், கிடைத்துவிட்டது. தினம் ஒன்றரை மணி நேரம், பள்ளி நடக்கும் நாட்களில் மட்டும். பிள்ளைகளோடு வேலை என்பதால் போலீஸ் பதிவெல்லாம் சரிபார்த்துச் சான்றிதழ் வரவேண்டும் என்றார்கள், அதுவும் வந்துவிட்டது. பிப்ரவரி விடுமுறை முடிந்து 24-ம் தேதி திங்கட்கிழமை சேர்கிறேன். சம்பளம் பெரிதாக இல்லை. அவர், "உனக்குப் பிடித்தால் போ" என்றார். ரிசப்ஷன் பிள்ளைகளின் மேசைகளில் எது வேண்டும் என்று கேட்டார்கள். பயல் உட்காரும் மேசை மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

தை கடைசியில் சித்தி மகன் வருகிறானாம், அவனிடம் பரணில் இருக்கும் என் எவர்சில்வர் தட்டைக் கொடுத்தனுப்பு. போதுமா மிஸ்ஸுக்கு ஒரு சுங்குடிச் சேலையும் நீயே பார்த்து எடு, அழுத்தமான நிறமாக. முழங்கால் வலிக்குத் தைலம் தேய்க்கிறாயா? படியேறாதே.

ஒன்று கேட்க வேண்டும். பயல் வகுப்பில் ஒரு பெண்குழந்தை, வந்து ஒரு மாதம்தான் ஆகிறது, எந்த ஊர்ப் பாஷை என்றே யாருக்கும் பிடிபடவில்லை. வாயில் வாங்கிக் கன்னத்திலேயே அடக்கி வைத்துக்கொள்கிறாள், விழுங்கமாட்டேன் என்கிறாளாம். போதுமா மிஸ்ஸே திணறுகிறார். நம் பள்ளியில் இப்படிப் பிள்ளைகள் வந்தால் நீ என்ன செய்வாய்? ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். பயலை அப்புறம் காட்டுகிறேன், முதலில் இதைச் சொல்.

உன் அன்பு மகள்