மகா மண்டபத் தரைத் திருப்பணி: நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம். பினாங்கில் உள்ள நம் ஆலயத்தின் மகா மண்டபத்தில் பழைய தரையைப் பெயர்த்துப் புதிய ஓடுகள் பதிக்கும் திருப்பணி நிறைவுற்றது. வரவு செலவுக் கணக்கு தனியாக இணைக்கப்பட்டுள்ளது. ஓடுகளை நேராகப் பதிக்க லேசர் கருவி எதற்கு, நூல் பிடித்தால் போதாதா என்று உறுப்பினர்கள் சிலர் கேட்டிருந்ததால், வேலை நடந்த விதத்தை இங்குச் சற்று விரிவாகவே கூறுகிறோம்.

நூல் போதும் என்பது சிறிய அறைக்குப் பொருந்தும். பெரிய மண்டபத்திலோ பசை பட்டும் கால் இடறியும் நூல் விலகும். வரிசைக்கு வரிசை அவிழ்த்துக் கட்ட வேண்டும். லேசர் கருவி தரையில் ஒன்றுக்கொன்று செங்கோணமான இரு கோடுகளையும், சுவரைச் சுற்றி ஒரே மட்டத்தில் ஒரு கோட்டையும் காட்டும். பகல் வெளிச்சத்தில் சிவப்பைவிடப் பச்சைக் கோடே கண்ணுக்கு நன்றாகத் தெரியும் என்பதால் குத்தகையாளர் பச்சை ஒளிக் கருவியைக் கொண்டு வந்தார்.

கோட்டை எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் குழு அதிக நேரம் செலவிட்டது. வடக்குச் சுவரை ஒட்டித் தொடங்கினால் ஓடுகளை வெட்டும் வேலை குறையும் என்றார் குத்தகையாளர். ஆனால் கருவறை வாசலின் நடுவிலிருந்து பலிபீடம், கொடிமரம் வரை கோட்டை ஓடவிட்டுப் பார்த்தபோது, அச்சுவர் 12 மீட்டர் நீளத்தில் 35 மில்லிமீட்டர் விலகியிருப்பது தெரியவந்தது. சுவரை நம்பிப் பதித்திருந்தால், சந்நிதியை நோக்கி நிற்பவர் கண்ணுக்கு ஓடுகளின் இடுக்குகள் அனைத்தும் கோணலாகவே பட்டிருக்கும். ஆகவே மூலவரின் நேர்கோட்டையே ஆதாரமாகக் கொண்டு, இருபுறமும் முழு ஓடுகளைப் பதித்து, சுவரோரத்தில் வெட்டிய ஓடுகளை வைத்தோம். அவை ஒரு முனையில் அகலமாகவும் மறு முனையில் குறுகியும் இருப்பது தவறன்று, தெரிந்தே செய்தது.

தரை கழுவும் நீர் தேங்காதிருக்க, சுவரில் தெரிந்த மட்டக்கோட்டிலிருந்து கீழே அளந்து, வடிகாலை நோக்கி மீட்டருக்கு 10 மில்லிமீட்டர் வாட்டம் கொடுக்கப்பட்டது. முன்பு தூணடியில் நின்ற நீர் இப்போது நிற்பதில்லை.

ஒரு பிசகும் நேர்ந்தது. மாலைப் பூசையின்போது வழிக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று லேசர் கருவி நின்ற முக்காலியை யாரோ நகர்த்தி வைத்திருக்கிறார். கருவி தன் சிறு சாய்வைத் தானே சரிசெய்துகொள்ளுமேயன்றி, இடம் மாறியதை அறியாது. மறுநாள் லேசர் கோட்டைத் தரையில் இட்டிருந்த குறிகளோடு ஒப்பிடாமல் வேலையைத் தொடங்கியதால், இரண்டு வரிசை பதித்த பின்னரே விலகல் தெரிந்தது. பசை இறுகுமுன் ஓடுகளைக் கழற்றி மீண்டும் பதித்தோம். மேற்பார்வையில் இருந்த குழுவும் இதற்குப் பொறுப்பேற்கிறது. அன்று முதல் தினமும் காலையில் குறிகளைச் சரிபார்த்த பிறகே பசை குழைக்கப்பட்டது.

தட்டிப் பார்த்ததில் வெற்றொலி எழுந்த 7 ஓடுகள் மாற்றப்பட்டுவிட்டன. மீந்த ஓடுகள் பொருளறையில் உள்ளன. இடுக்குகளில் எண்ணெய் இறங்கினால் கறை போகாது. விளக்கேற்றுவோர் தட்டின் மேல் வைத்தே ஏற்றுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இவண்,
திருப்பணிக் குழுவினர்