முதல் பருவம் முடிந்தது, கொஞ்சம் 'அரும்பு' பற்றியும்

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

முதல் பருவம் நல்லபடியாக முடிந்தது. கலைத் திருவிழாவில் பிள்ளைகள் நன்றாக ஆடிப் பாடினார்கள், சத்துணவுக்கூடத்துக்குப் பின்னால் நட்ட முருங்கை பிழைத்துக்கொண்டது, வருகையும் பரவாயில்லை. எல்லோருக்கும் பாராட்டு. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் மூன்றாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. இரண்டு பிள்ளைகளின் பயிற்சி நூல் பக்கத்துப் பக்கத்தில், ஒருவர் மலர் (வகுப்புக்கேற்ற நிலை), ஒருவர் அரும்பு (தொடக்க நிலை). கீழே, "ஒரே வகுப்பு, ஒரே டீச்சர், என் பிள்ளைக்கு மட்டும் ஏன் சின்னக் கணக்கு?" என்று கேள்வி. அன்று இரவு பத்து மணிக்குள் எனக்கு ஏழு போன்.

கேள்வி நியாயமானதுதான். கொரோனாவில் பள்ளி பூட்டிக்கிடந்து, பிள்ளைகள் படித்ததையெல்லாம் மறந்துவிட்டு வந்தபோது 2022இல் தமிழக அரசு கொண்டுவந்ததுதான் எண்ணும் எழுத்தும், சின்ன வகுப்புகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் சொல்லித்தரும் திட்டம். எந்த வகுப்பாக இருந்தாலும் பிள்ளை இன்றைக்கு எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடங்க வேண்டும், அவ்வளவுதான். அரும்பு, மொட்டு (இடைப்பட்ட நிலை), மலருக்கும் ரேங்குக்கும் சம்பந்தமே இல்லை. தமிழில் அரும்பாக இருக்கிற பிள்ளை கணக்கில் மலராக இருக்கிறது, நம் வகுப்பிலேயே.

52இல் 27 போக எவ்வளவு என்று டீச்சர் கேட்கிறார். ஒரு பெண் கடன் வாங்கி நேராக நோட்டில் கழித்துவிடுகிறாள். பக்கத்தில் இருப்பவன் பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சியில் ஒரு கட்டைப் பிரித்து, உதிரியாக இருந்த இரண்டோடு சேர்த்துப் பன்னிரண்டாக்கி, அதிலிருந்து ஏழு குச்சியையும், மீதிக் கட்டுகளில் இரண்டையும் எடுத்து ஓரமாக வைக்கிறான். இன்னொருவனுக்கு எழுத இன்னும் வரவில்லை, ஆனால் சந்தையில் அம்மாவோடு உட்கார்ந்து சில்லறை கொடுத்துப் பழகியவன், "27க்கு மூணு போட்டா முப்பது, அப்புறம் இருபத்திரண்டு" என்று வாயாலேயே முடித்துவிடுகிறான். மூன்று பேருக்கும் 25தான் வருகிறது. வாயால் சொல்லவிடுவது சலுகை என்கிறீர்கள் சிலர். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்விலேயே கற்றல் குறைபாடுள்ள மாணவருக்குக் கூடுதலாக ஒரு மணி நேரமும், சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆளும் தருகிறார்கள். எட்டு வயதுப் பிள்ளையிடம் நாம் கஞ்சத்தனம் பண்ணுவதா?

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்த வீட்டுப் பிள்ளையின் நோட்டைப் படம் பிடித்துக் குழுவில் போடக் கூடாது. இன்னொரு முறை வந்தால் குழுவையே மூடிவிடுவேன். அந்தப் படத்தில் வந்த நூல்களுக்குச் சொந்தக்காரப் பிள்ளைகளில் ஒன்று மறுநாள் பயிற்சி நூலைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வகுப்புக்கு வந்தது. அதேபோல, வீட்டில் நீங்களே நூலை நிரப்பி அனுப்பவும் வேண்டாம். பெரியவர்கள் கையெழுத்து எங்களுக்குத் தெரியாதா? பிள்ளை எங்கே தப்புவிடுகிறது என்று பார்த்தால்தான் நாளைக்கு எதைச் சொல்லித்தருவது என்று டீச்சருக்குத் தெரியும்.

கொஞ்சம் கோபமாக எழுதிவிட்டேன் போலிருக்கிறது. அக்கறை இல்லாதவர்கள் ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட மாட்டார்கள், அது எனக்கும் தெரியும். வகுப்புக்கு ஈர்க்குச்சி சீவிக் கட்டுக்கட்டாகக் கொடுத்தனுப்பிய பாட்டிமார்களுக்குத் தனியாக நன்றி. விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் வரும் முதல் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து மூன்றாம் வகுப்பில் உட்காருங்கள், பாய் போட்டுவைக்கிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்