சாத்திய கதவுக்குப் பின்னால் நடக்கும் பயிற்சி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமதரையிலும் தடுக்கி விழுகிற, ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் வைத்தே இறங்குகிற, வீசிய பந்து மார்பில் பட்ட பிறகே கையை நீட்டுகிற குழந்தையைச் 'சோம்பேறி' என்று சொல்லிவிடுகிறோம். பள்ளி வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 5 அல்லது 6 பேருக்கு உடல் இயக்கங்களை ஒருங்கிணைப்பதில் வளர்ச்சிக் குறைபாடு உண்டு என்பது மருத்துவர்களின் கணிப்பு. என் மகன் அவர்களில் ஒருவன் என்பது அவனது ஏழாவது வயதில்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதுவரை திட்டியதெல்லாம் இன்றும் உறுத்துகிறது.

இந்தக் குறைபாட்டுக்காக முதலில் சென்ற பயிற்சி மையத்தில், வாரம் ஒருமுறை 45 நிமிடம் அவனை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். பெரிய பந்து, ஊஞ்சல், சமநிலைப் பலகை எல்லாம் அங்கே இருந்தன. என்ன செய்தான் என்று கேட்டால், 'நன்றாகச் செய்தான்' என்பதே பதில். ஆறு மாதம் கழிந்தும் அவன் ஆசைப்பட்ட மிதிவண்டி அவனுக்கு வசப்படவில்லை.

பிறகு பார்த்த இயன்முறை மருத்துவர் எங்களையும் உள்ளே உட்காரவைத்து, எதைக் கற்றுக்கொள்ள விருப்பம் என்று அவனிடமே கேட்டார். மிதிவண்டியின் பெடல்களைக் கழற்றி, இருக்கையைத் தாழ்த்தி, பாதங்களால் தரையை உந்தி உருளச் செய்து, சமநிலை கைவந்த பின்பே பெடல்களைத் திரும்பப் பொருத்தினார். தனித்தனித் தசைப்பயிற்சிகளைவிட, குழந்தைக்குத் தேவையான செயலையே சிறு படிகளாகப் பிரித்துப் பழக்குவதைத்தான் 2019ஆம் ஆண்டின் சர்வதேச மருத்துவப் பரிந்துரைகளும் வலியுறுத்துகின்றன. தவறித் தவறித் திருத்திக்கொள்வதால்தான் மூளை ஓர் அசைவைப் பழகுகிறது. அதற்கு வாரத்தில் 45 நிமிடம் போதாது. வீட்டில் தினமும் பத்து நிமிடமாவது வேண்டும். பெற்றோருக்கு முறை தெரியாமல் அது எப்படி நடக்கும்?

பெற்றோர் அருகில் இருந்தால் சில குழந்தைகள் ஒத்துழைப்பதில்லை என்பது உண்மைதான் (முதல் நாள் நானும் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை). அப்படியானால் கடைசிப் பத்து நிமிடமாவது எங்களை உள்ளே அழைக்கலாம்.

18 மாதமாகியும் தனியே நடக்காத குழந்தையையும், கற்றதை இழந்துவரும் குழந்தையையும், தொடையில் கையூன்றியே தரையிலிருந்து எழும் குழந்தையையும் முதலில் குழந்தைகள் நல மருத்துவரிடமே காட்ட வேண்டும். தவழாமல் நேரே நடக்கத் தொடங்கிய குழந்தைகளும் உண்டு. வேறு குறை இல்லையெனில் அதற்காகக் கலங்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு அமர்வின் முடிவிலும், அந்த வாரம் வீட்டில் செய்ய வேண்டிய ஒன்றிரண்டு பயிற்சிகளைப் பயிற்சி மையங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும், பெற்றோரை ஒருமுறை செய்துகாட்டச் சொல்லித் திருத்தவும் வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தந்தை