பிரஷர் மருந்தும் பேரனின் சீனியும்

அற்றன்,
ஞாயிறு மாலை

அன்பின் நண்பருக்கு,

பண்டாரவளையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் வியாழக்கிழமைதான் கைக்கு வந்தது. பிறந்த கிழமையிலேயே பேரனுக்குச் சீனி இறங்கி வலிப்பு வந்ததை வாசித்து மனம் கலங்கிப்போனேன். பிரஷருக்கு ஊசியாக ஏற்றிய டயசொக்சைட்டைக் கைக்குழந்தைக்கு ஏன் கொடுக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். மருந்தாளராக இருந்த காலத்தில் எனக்கும் அதே சந்தேகம் இருந்தது.

கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் கலங்களின் மென்சவ்வில் பொட்டாசியம் வெளியேறும் கால்வாய்கள் உள்ளன. குளுக்கோஸ் உள்ளே எரிந்து, கலத்துக்குச் சக்தி தரும் ஏ.டி.பி. என்ற பொருள் பெருகும்போது அவை மூடிக்கொள்ள, கலத்தின் மின்னழுத்தம் மாறிக் கல்சியம் உட்புகுந்து இன்சுலின் வெளிவரும். டயசொக்சைட் அக்கால்வாய்களைத் திறந்தே வைத்திருப்பதால் கல்சியம் நுழைய வழியின்றி இன்சுலின் உள்ளேயே தங்கிவிடுகிறது. இரத்தக் குழாய்ச் சுவரின் தசையிலும் இவ்வினக் கால்வாய்கள் உண்டு. அங்கே கல்சியம் குறைந்தால் தசை தளர்ந்து, குழாய் விரிந்து, அழுத்தம் இறங்கும். ஆகவே அன்று பிரஷர் நோயாளிகளுக்குச் சீனி ஏறியதைப் பக்கவிளைவு என்றோம். இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து சீனி இறங்கும் உங்கள் பேரனுக்கு அதுவே வைத்தியம். நமது சீனி வியாதிக்காரர் விழுங்கும் கிளிபென்கிளமைட் இதே கால்வாயை மூடுவது என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு வேடிக்கை: இக்கால்வாயை ஜப்பானியரான அகினோரி நோமா இதயக் கலங்களில் கண்டறிந்து வெளியிட்டது 1983இல், மருந்தோ அதற்கு வெகு முன்பே புழக்கத்தில் இருந்தது. பிரஷருக்கான இன்னொரு மருந்தான மினொக்சிடிலும் கால்வாயைத் திறப்பதுதான். ஆனால் அதன் வேலை பெரும்பாலும் இரத்தக் குழாய்ப் பக்கமே என்பதால் இன்சுலினை அவ்வளவாகத் தொடுவதில்லை. இரு இடங்களிலும் கால்வாயோடு இணைந்திருக்கும் புரதம் வேறு வேறு வகையாக இருப்பதே காரணம்.

டயசொக்சைட், சிறுநீரைப் போக்கும் தயசைட் மருந்துக் குடும்பத்தில் பிறந்தும் சிறுநீரைப் போக்குவதில்லை. உப்பையும் நீரையும் உடலில் தேக்கிவிடும். அதனால்தான் கூடவே சிறுநீரைப் போக்கும் குளோரோதயசைட் எழுதியிருக்கிறார்கள், பயப்பட வேண்டாம். உடம்பில் மயிர் அடர்ந்து வளரும். மருந்தை நிறுத்தினால் போய்விடும். ஆனால் முகம் வீங்கினாலோ மூச்சு வேகமானாலோ காத்திராமல் வைத்தியசாலைக்கு ஓடச் சொல்லுங்கள். நுரையீரல் நாடிகளில் அழுத்தம் ஏறக்கூடும் என்று 2015இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது இத்தகைய குழந்தைகளைப் பற்றியே.

கால்வாயே பிறவியில் பழுதாயிருந்தால் பெரும்பாலும் இம்மருந்துக்குப் பிடி கிடைக்காது; அப்போது கணையத்தின் ஒரு பகுதியை அகற்றும் நிலையும் வரலாம். ஆகவே மரபணுச் சோதனையின் முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். அதுவரை மகள் சீனி அளந்த நேரத்தையும் பால் கொடுத்த நேரத்தையும் ஒரே கொப்பியில் குறித்து வைக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்