கறுப்பா இருந்தாப் போதுமோ மச்சான்

மச்சான்,

உன்ர கடிதம் கிடைச்சது, அம்மாவுக்கு முழங்கால் நோ குறைஞ்சது பெரிய சந்தோசம். இங்க கிளிநொச்சியில வெயில் எண்டா வெயில், இரணைமடுக் குளத்துத் தண்ணி சிறுபோகத்துக்குக் காணுமோ எண்டது தான் எல்லாற்ற வாயிலயும்.

மிளகாய்த் தோட்டத்துக்கு பைப் வாங்கப் போறன், கறுப்பா இருந்தா வெயிலுக்கு நிக்கும் தானே எண்டு கேட்டாய். அரைவாசி சரி. பொலித்தீன் பைப்புக்குள்ள காபன் பிளக் எண்ட கரித்தூள் 2 இலயிருந்து 2.5 வீதம் போடுறது வெயிலில இருக்கிற யூவி கதிர் உள்ள போகாமல் மறிக்கத் தான். அந்த வீதத்தை அளக்கிறது லேசு, துண்டை நைதரசனுக்குள்ள 550 பாகையில சுட்டா பிளாஸ்ரிக் ஆவியாப் போயிடும், மிஞ்சிறதை நிறுத்தாச் சரி. ஆனா எவ்வளவு கிடக்கு எண்டு தான் அது சொல்லும், எங்க கிடக்கு எண்டு சொல்லாது. சொதிக்கு உப்பு அளவாப் போட்டும் கல்லு கரையாட்டி ஒரு வாய் சப்பு, மற்ற வாய் கரிப்பு தானே.

காபன் சரியாக் கலக்காட்டி ரெண்டு குறை வரும். காபன் கட்டி உடையாமல் கிடந்தா தண்ணிப் பிரஷருக்கு அதில இருந்து தான் வெடிப்புத் தொடங்கும். கட்டி உடைஞ்சும் எல்லா இடமும் பரவாட்டி வெள்ளைக் கோடு கோடா விழும், வெயில் அதால பூந்திடும்.

நான் பைப் லாபில நிண்ட காலத்தில இதுக்கு ஐஎஸ்ஓ 18553 ரெஸ்ற் தான். ஆறு துண்டு, ஒண்டு கால் மில்லிகிராம் வரும், பொட்டு மாதிரி, ஊதினாப் பறந்திடும் எண்டு மூச்சையும் பிடிச்சுக்கொண்டு கண்ணாடிக்கு இடையில வைச்சு சூட்டில நசிச்சு, மைக்ரஸ்கோப்பில 100 மடங்கில ஆகப் பெரிய கட்டி எவ்வளவு பெரிசு எண்டு பாத்துப் புள்ளி போடுறது, சராசரி 3க்கு மேல போகக் கூடாது. நல்ல ரெஸ்ற் தான், ஆனா எல்லாம் சேத்தும் ஒண்டரை மில்லிகிராம், ஒரு சுருள் பைப்புக்கு அது எந்த மூலைக்கு! அதால ரிப்போட்டைக் காட்டினா புள்ளியை விட துண்டை எங்க எங்க வெட்டினவை எண்டு தான் நான் முதல் கேப்பன்.

கடையில நீ செய்யக்கூடியது ஒண்டு தான். பிளேட்டால மெல்லிசாச் சீவி வெயிலுக்குப் பிடி, கோடு தெரிஞ்சா வாங்காத. தெரியாட்டி நல்லதெண்டு அர்த்தமில்லை, அவ்வளவு தான்.

மோட்டர் எத்தனை எச்பி, கிணறு எவ்வளவு ஆழம் எண்டு எழுது, எந்தப் பிரஷர் பைப் எண்டு பாத்துச் சொல்லுறன்.