மைக் நீட்டியதும் முதலில் எதைச் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடசென்னையில் எண்ணூர், மணலி, கொடுங்கையூர் பக்கம் வெள்ளமோ கசிவோ குப்பைமேட்டுத் தீயோ வந்தால்தான் கேமரா வருகிறது. வந்ததும் நம்ம ஜனம் இருபது வருஷக் குறையை ஒரே மூச்சில் கொட்டிவிடுகிறது. அதில் டிவியில் வருவது 15 நொடி, பெரும்பாலும் அழுகை அல்லது திட்டு. கோரிக்கை வெட்டுப்பட்டுப் போகிறது.

ஆகவே நாள், இடம், அளவு, கோரிக்கை நான்கையும் முதல் இரண்டு வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் பரவியபோது, 'எல்லாம் போச்சு' என்பதைவிட, 'எங்க தெருவுல இத்தனை படகு, இத்தனை வலை வீணாச்சு. கணக்கெடுக்க ஆள் வரணும்' என்பதே எடையுள்ள பேச்சு. எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்வதில் வெட்கம் எதற்கு? சென்னை மாநகராட்சியின் 1913 உதவி எண்ணில் புகார் கொடுத்திருந்தால் அந்தப் புகார் எண்ணையும் சொல்லுங்கள்.

நாற்றம் வந்தால் வாயுவின் பெயரை நாமே ஊகித்துச் சொல்லக் கூடாது. எத்தனை மணிக்கு, காற்று எந்தப் பக்கமிருந்து, கண் எரிந்ததா, மூச்சு முட்டியதா என்பது போதும். பெயர் தவறானால், 'அந்த வாயுவை நாங்கள் பயன்படுத்துவதே இல்லை' என்று ஆலை ஒற்றை வரியில் மறுத்துவிடும். எரிந்த கண்ணைப் பற்றிய பேச்சும் அதோடு முடிந்துவிடும்.

பெரிய பொறி வேறு இருக்கிறது. 'அப்போ அதிகாரிங்க காசு வாங்கிட்டாங்கன்னு சொல்றீங்களா?' என்று செய்தியாளர் கேட்பார். கோபத்தில் 'ஆமா சார்' என்றால் அவர் கேள்வி நம் கூற்றாக அச்சாகும். ஆதாரமில்லாமல் ஒருவர் பெயரைச் சொன்னால் பாரதிய நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவின் கீழ் அவதூறு வழக்கு வரலாம். 'அது எனக்குத் தெரியாது. மனு கொடுத்து இத்தனை நாளாச்சு, பதில் வரலை' என்று தெரிந்ததற்கே திரும்பிவிடுங்கள். 'இதைப் போடாதீங்க' என்பதையும் சொல்வதற்கு முன்பே பேசி, அவர் ஒப்புக்கொண்ட பிறகே வாயைத் திறக்க வேண்டும். சொல்லி முடித்தபின் கேட்டுப் பயனில்லை.

கடற்கரையில் காற்று மைக்கில் அடித்தால் பேச்சே கேட்காது. காற்றுக்கு முதுகு காட்டி நின்று, மைக்கை வாய்க்கு ஒரு சாண் தள்ளிப் பிடிக்கச் சொல்லலாம். கன்டெய்னர் லாரி போனால் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து சொல்லுங்கள். பதிவுதான் என்றால் மறுப்பார் யாருமில்லை. நேரலையா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. பத்துப் பேர் சேர்ந்து கத்தாமல் ஒருவர் பேசட்டும். மீன் விற்கும் அக்காமார் பேசினால் இன்னும் தெளிவாக இருக்கும், அவர்களுக்குக் கணக்கு விரல்நுனியில்.

உங்கள் செய்தியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். போனில் பேட்டி எடுத்தால் எண்களையும் ஊர்ப் பெயரையும் ஒருமுறை திருப்பிப் படித்துக் காட்டட்டும். காட்டுக்குப்பம் என்பது கத்திவாக்கம் என்று அச்சானால், நிவாரணக் கணக்கெடுப்பவர் தப்பான தெருவில் போய் நிற்பார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருவொற்றியூர்